பிரித்ததை மாட்டுதல்

நம் பத்திரிகைகளில் புத்தக விமர்சனம் என்றால் நாவல், சிறுகதைத் தொகுதி, கவிதை, எப்போதாவது ஒரு பிரயாண நூல், இவ்வளவுதான். சமையல் புத்தகத்தை யாரும் விமர்சிப்பதில்லை. யந்திரத்தைப் பிரித்து மாட்டக் கற்றுத் தருகிற புத்தகங்களைப் பற்றி ஒரு கட்டுரை தருகிறேன் என்று ஒரு பத்திரிகாசிரியரிடம் சொன்னேன். "கதை ஏதும் கைவசம் இல்லையா?" என்று கேட்டார். அவர் கேட்டதில் தப்பில்லை. ஆனாலும் எழுதிவிடுவது என்று தீர்மானித்துவிட்டேன்.

காரணம் இருக்கிறது. நாவலாசிரியன் ஓர் அத்தியாயத்தில் ஏமாற்றினால் வாசகர் கொட்டாவி விட்டுப் புத்தகத்தை மூடி வைத்துவிடுவார். பெரிய நஷ்டம் ஒன்றுமில்லை. பிரித்து மாட்டுகிற புத்தகத்தை நம்பின வாசகருக்கு அந்தச் சௌகரியம் கிடையாது. அவர் பாதிக் கதவைப் பிரித்துத் தரையில் பரப்பிவிட்டு, கையெல்லாம் எண்ணெயாக, அடுத்த பக்கத்தைப் புரட்டுகிறார். அந்தப் பக்கம் அவரைக் கைவிட்டுவிட்டால் அவர் எங்கே போவார்? உரைநடைக்கு இதைவிடக் கடுமையான பரீட்சை இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. அந்தப் பரீட்சையில் யார் தேறினார்கள், யார் தேறவில்லை என்று பார்ப்பது கதை எழுதுகிறவனுக்கும் பிரயோஜனமான காரியம்தான்.

எனக்குக் கார் கிடையாது. பஸ்ஸில் போகிறவன். இண்டர்மீடியட்டில் பௌதிகம் படித்ததைத் தவிர யந்திர சாஸ்திரத்துக்கும் எனக்கும் சம்பந்தமில்லை. பழைய ஸ்போர்ட்ஸ் கார்களில் பைத்தியமாக இருக்கும் நண்பர் ஒருவரின் அலமாரியிலிருந்து இந்தப் புத்தகங்கள் எனக்குக் கிடைத்தன. முதல் பக்கத்திலிருந்து நாவல் படிக்கிற மாதிரியே படித்தேன். எல்லாவற்றையும் எடை போட முடியாது என்பதால் சோதனைக்கு ஒரே ஒரு வேலையை எடுத்துக்கொண்டேன்: கதவுக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு வேறொரு கண்ணாடியை மாட்டுவது. எஞ்சினைப் பற்றி எழுதும்போது எந்த எழுத்தாளனும் பயபக்தியோடு எழுதுவான். கண்ணாடி மாதிரிச் சில்லறை வேலையில்தான் அசட்டையாக இருப்பான்.

கார் பிறந்தபோது கண்ணாடி கூடப் பிறக்கவில்லை. பின்னால் என்ன வருகிறது என்று யாருக்கும் கவலை இருந்ததாகத் தெரியவில்லை. பின்னால் வருவது பெரும்பாலும் குதிரை வண்டிதானே! இங்கிலாந்தில் பந்தயக் கார் ஓட்டிய டோரதி லெவிட் என்ற பெண்மணி 1909-இல், கார் ஓட்டும் பெண்களுக்காக ஒரு சிறு புத்தகம் எழுதினார். அதில் ஒரு கைக் கண்ணாடியைக் காரிலேயே வைத்துக்கொள்ளும்படி யோசனை சொல்கிறார். புழுதியில் போய் வந்த பிறகு முகத்தைப் பார்த்துக்கொள்ளவும் ஆகும்; ஓட்டும்போது உயர்த்திப் பிடித்தால் பின்னால் வருகிற வண்டியும் தெரியும். அலங்காரத்தையும் அபாயத்தையும் ஒரே சாமானில், ஒரே தொனியில் சொல்லிவிட்டுப் போகிறார். தம் வாசகி கெட்டிக்காரி என்ற நம்பிக்கை அந்தப் புத்தகம் முழுவதும் இருக்கிறது. பெண்களுக்கு எழுதுகிறோம் என்று குரலை இறக்கிக் கொஞ்சவில்லை. ஆண்கள் எழுதிய பிற்காலப் புத்தகங்கள் பலவற்றில் இந்த மரியாதையைத் தேடித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

இரண்டு வருஷம் கழித்து, 1911-இல், அமெரிக்காவில் இண்டியானாபொலிஸ் 500 மைல் பந்தயம் முதல் முறையாக நடந்தது. மற்றக் கார்களில் ஓட்டுகிறவருக்குப் பக்கத்தில் ஒரு மெக்கானிக் உட்கார்ந்து பின்னால் பார்த்துச் சொல்லிக்கொண்டு வந்தார். ரே ஹாரூன் மட்டும் தனியாக ஓட்டினார். அது அபாயம் என்று மற்றவர்கள் ஆட்சேபித்ததால் ஒரு கண்ணாடியைக் காரில் பொருத்திக்கொண்டார். மணிக்குச் சராசரி 74.6 மைல் வேகத்தில் ஜெயித்தும் விட்டார். செங்கல் பாவின அந்தப் பாதையில் கண்ணாடி ஆடின ஆட்டத்தில் அதில் ஒன்றுமே தெரியவில்லை என்று அவர் பிற்காலத்தில் சொன்னார். கண்ணாடி மாட்டுகிற கலையைப் பற்றி எழுதுகிற ஒவ்வொருவரும் இந்தச் சமாசாரத்தை மனசில் வைத்துக்கொண்டால் நல்லது. மாட்டியாகிவிட்டது என்பதும் தெரிகிறது என்பதும் ஒன்றல்ல.

இனி முக்கியமான ஆசிரியருக்கு வருகிறேன். ஜான் ஹேன்ஸ் 1938-இல் இலங்கையில் பிறந்தவர். தகப்பனார் தேயிலைத் தோட்ட நிர்வாகி. பையன் இங்கிலாந்தில் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே ஒரு பழைய ஆஸ்டின் 7 காரைப் பிரித்துச் சின்ன ஸ்போர்ட்ஸ் காராக மாற்றினார். எப்படி மாற்றினேன் என்று ஒரு சிறு பிரசுரம் எழுதி 1956-இல் வெளியிட்டார். 250 பிரதிகள் பத்து நாளில் தீர்ந்துவிட்டன. (முதல் சிறுகதைத் தொகுதி போட்ட எந்த எழுத்தாளரையும் கேட்டுப் பாருங்கள், 250 பிரதிக்கு எத்தனை வருஷம் ஆகும் என்று.) பிறகு விமானப் படையில் சேர்ந்தார். 1965-இல் ஏடனில் இருந்தபோது கூட வேலை பார்த்தவர் ஒருவர் ஆஸ்டின் ஹீலி ஸ்ப்ரைட் என்ற காரை வாங்கிவிட்டு இவரை உதவிக்குக் கூப்பிட்டார்.

ஸ்ப்ரைட் 1958-இல் வந்த கார். தவளைக்கண் என்று செல்லப் பெயர். முன் விளக்குகள் இரண்டும் பானெட்டின் மேல் துருத்திக்கொண்டிருக்கும். விலை மலிவாக இருக்க வேண்டும் என்று எதையெல்லாம் விடலாமோ அதையெல்லாம் விட்டிருந்தார்கள். கதவுக்கு வெளிப்பிடி கிடையாது. உள்ளே கையை விட்டுத் திறக்க வேண்டும். ஏற்றி இறக்கும் ஜன்னல் கண்ணாடியும் கிடையாது. இவ்வளவு எளிமையான காருக்குக் கம்பெனி போட்டிருந்த புத்தகம், சொந்தக்காரருக்குப் புரிகிற மாதிரி இல்லை. பட்டறையில் பழகினவருக்காக, விசேஷக் கருவிகள் கையில் இருக்கும் என்ற அனுமானத்தில் எழுதப்பட்டது அது. ஹேன்ஸ் ஒரு காமிராவை வாங்கிக்கொண்டு வந்து எஞ்சினைப் பிரிக்கப் பிரிக்கப் படம் எடுத்தார். 1966-இல் அது புத்தகமாக வந்தது. முதல் பதிப்பு 3000 பிரதிகள், மூன்று மாதத்துக்குள் காலி.

அந்தப் புத்தகமும் அதைத் தொடர்ந்த நூற்றுக்கணக்கான புத்தகங்களும் ஒரு நல்ல விதியின் மேல் நின்றன. எழுதுகிறவர் முதலில் அந்தக் காரைத் தம் கையால் பிரித்து மாட்டியாக வேண்டும். யோசித்துப் பார்த்தால் இது யதார்த்த நாவலாசிரியனுக்கு உள்ள விதிதான். கண்ணால் காணாத சேரியைப் பற்றி எழுதாதே என்று எங்களுக்குச் சொல்கிறார்களே, அதே விதி. பின்னாளில் ஒவ்வொரு வேலைக்கும் எதிரே சிறிய ஸ்பானர் படங்கள் அச்சிட்டார்கள். ஒரு ஸ்பானர் என்றால் புதியவரும் செய்யலாம். ஐந்து என்றால் தேர்ந்தவருக்கு மட்டும். இந்த ஏற்பாட்டை நம் நவீன கவிதைத் தொகுதிகளும் கையாளலாம் என்று எனக்கு ஓர் ஆசை உண்டு.

குணத்தைச் சொன்னேன். குற்றத்தையும் சொல்ல வேண்டும். அது ஒரே ஒரு வாக்கியம்தான். ஆனால் அந்தப் புத்தகங்களில் எத்தனை இடங்களில் வருகிறதோ, எண்ணி மாளாது. கழற்றுவதைப் படிப்படியாக, படத்தோடு, நம் கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போவார்கள். மாட்டுகிற இடம் வந்ததும், கழற்றினதைத் தலைகீழாகச் செய்தால் சரி என்ற பொருளில் ஒரு வரி. அவ்வளவுதான். அடுத்த தலைப்புக்குப் போய்விடுவார்கள். இங்கிலாந்தில் இது பெரிய வேடிக்கைப் பேச்சாகவே ஆகிவிட்டது. எனக்கு அது வேடிக்கையாகப் படவில்லை. நேர்மையான ஓர் ஆசிரியர் வாசகருக்குச் செய்த ஒரே துரோகம் அது என்று எனக்குத் தோன்றுகிறது.

கதவுக் கண்ணாடியையே பார்ப்போம். 1980-களின் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கதவின் உள்பக்கம், முன் மூலையில், முக்கோணமாக ஒரு பிளாஸ்டிக் மூடி இருக்கும். அதை நெம்பி எடுக்க வேண்டும். உள்ளே இரண்டு மூன்று ஸ்க்ரூ. மோட்டார் வைத்த கண்ணாடியானால் ஒயரும் ஒரு ப்ளக்கும். ப்ளக்கைப் பிடுங்கி, ஸ்க்ரூக்களைக் கழற்றினால் கண்ணாடி கையோடு வந்துவிடும். புத்தகத்தில் அரைப் பக்கம். சரியாகவும் எழுதியிருப்பார்கள்.

ஆனால் கார் புதிதாக இருந்தபோது பார்த்து எழுதின அரைப் பக்கம் அது. முப்பது வருஷ வெயிலிலும் குளிரிலும் கிடந்த பிளாஸ்டிக் அப்பளம் மாதிரி ஆகிவிடுகிறது. நெம்பினால் பிடிப்புக் கொக்கி மளுக்கென்று போய்விடும். அடுத்தது ஸ்க்ரூ. கண்ணாடியின் அடிப்பாகம் பெரும்பாலும் அலுமினிய வார்ப்பு, ஸ்க்ரூ எஃகு. இங்கிலாந்தில் குளிர்காலத்தில் பனி உறையாமல் இருக்கச் சாலையில் உப்பு போடுகிறார்கள். இரண்டு வேறு உலோகம், நடுவில் உப்பு நீர்: இண்டர்மீடியட்டில் நாங்கள் படித்த வோல்டாவின் மின்கலம் இதுதான். அலுமினியம் அரித்து, வெள்ளைப் பொடியாகப் பொங்கி, ஸ்க்ரூவை இறுகப் பிடித்துக்கொள்ளும். பலம் கொடுத்துத் திருகினால் தலை மழுங்கிவிடும். எண்ணெய் விட்டு ஓர் இரவு காத்திருக்க வேண்டும். சரியான அளவுள்ள திருப்புளியை வைத்து, சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டிவிட்டுத் திருப்ப வேண்டும். கடைசி ஸ்க்ரூ வருகிற நேரத்தில் ஒரு கை கண்ணாடியைத் தாங்கிக்கொண்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் அது சரிந்து கதவின் பெயிண்டில் ஒரு கோடு இழுத்துவிட்டுத்தான் நிற்கும்.

இப்போது மாட்டுங்கள், தலைகீழாக! கொக்கி உடைந்துவிட்டது. அதற்குத் தலைகீழ் எது? கண்ணாடிக்கும் கதவுத் தகட்டுக்கும் நடுவில் இருந்த ரப்பர் கிழிந்து பாதி இங்கேயும் பாதி அங்கேயும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. புது ரப்பர் வைக்காமல் மாட்டினால் மழைத் தண்ணீர் கதவுக்குள் இறங்கும். வேகமாகப் போனால் காற்று ஊளையிடும். மூன்று ஸ்க்ரூவையும் முதலில் விரலால் பாதி பாதி ஏற்றிவிட்டு, பிறகுதான் மாற்றி மாற்றி முறுக்க வேண்டும். ஒன்றை முதலிலேயே முழுக்க முறுக்கிவிட்டால் மற்றவை துளைக்கு நேரே வராது. கழற்றும்போது இந்தப் படியே கிடையாது. முக்கோண மூடியை மாட்டுவதற்கு முன்னால் மோட்டார் வேலை செய்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். அதுவும் கழற்றுகிற அத்தியாயத்தில் இல்லை. எல்லாம் முடிந்து, வழக்கமாக உட்காருகிற மாதிரி ஆசனத்தில் உட்கார்ந்து, பின்னால் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். அதற்காகத்தானே ஐயா இவ்வளவும்?

என் கைக்கு வந்த பிரதியில், அந்த ஒற்றை வரிக்குப் பக்கத்தில், முன்பு வைத்திருந்த யாரோ ஒருவர் பென்சிலால் நாலு வரி கிறுக்கியிருந்தார். ரப்பர் முதலில், ஒயர் நசுங்காமல், கையால் முறுக்கு, மூடியை வெயிலில் வைத்துச் சூடாக்கு. ஆசிரியர் எழுதாமல் விட்ட அத்தியாயத்தை ஒரு வாசகர் எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

நண்பர் இந்த விஷயத்தில் என்னோடு ஒத்துப்போகவில்லை. காகிதம் மிச்சம், விலை குறைவு என்கிறார். கழற்றும்போது கண்ணைத் திறந்துகொண்டு கழற்றினவனுக்கு மாட்டச் சொல்லித் தர வேண்டியதில்லை என்கிறார். முதல் வாதத்தை ஒப்புக்கொள்கிறேன். இரண்டாவதை ஒப்புக்கொள்ள முடியாது. கழற்றின அதே கண்ணாடியைத் திரும்ப மாட்டுகிறவருக்கு அது சரியாக இருக்கலாம். வேறு காரிலிருந்து வந்த கண்ணாடியை மாட்டுகிறவருக்கு? பழைய சாமான் கடையில் வாங்கின அந்தக் கண்ணாடியை அவர் கழற்றவே இல்லையே! யாரோ கழற்றியது. அவருக்கு அதைப் பற்றி ஞாபகம் ஒன்றும் கிடையாது. எதைத் தலைகீழாகச் செய்வார்?

வேறு காரின் கண்ணாடியை மாட்டுவது ஏழைகளின் சாகசம் என்று நினைத்துவிடாதீர்கள். லோட்டஸ் எஸ்ப்ரீ என்ற ஸ்போர்ட்ஸ் கார் 1987-இல் புது உருவம் பெற்றபோது, அதன் கதவில் சிட்ரோயன் சிஎக்ஸ் என்ற பிரெஞ்சுக் குடும்பக் காரின் கண்ணாடியைத்தான் வைத்தார்கள். 1992-இல் வந்த ஜாகுவார் எக்ஸ்ஜே220-இலும் அதே கண்ணாடி. அந்தக் காரின் விலை நாலு லட்சத்து எழுபதினாயிரம் பவுன்! சிறிய தொகையில் கார் செய்கிறவர்களுக்குக் கண்ணாடிக்கென்று தனியாக அச்சு வார்ப்பதும் சட்டப் பரீட்சைகளுக்கு உட்படுத்துவதும் கட்டுபடியாகாத செலவு. பெரிய கம்பெனி செய்து வைத்ததை வாங்கி மாட்டிவிடுவார்கள். உலகத்திலேயே வேகமான கார்களில் ஒன்று, பக்கத்து வீட்டு அம்மாள் காய்கறி வாங்கப் போகிற காரின் கண்ணாடியில் பின்னால் பார்க்கிறது. நாவலில் எழுதினால் மிகை என்பார்கள்.

ஜப்பான் விஷயம் இதைவிடச் சுவாரஸ்யமானது. அங்கே 1983 வரைக்கும் கண்ணாடி கதவில் இருக்கக் கூடாது. முன் மட்கார்டின் மேல், வண்டு மீசை மாதிரி, தள்ளி நிற்க வேண்டும் என்பது சட்டம். 1969-இல் வந்த நிஸ்ஸான் ஃபேர்லேடி இஸட் உள்ளூரில் அப்படித்தான் விற்றது. அமெரிக்காவுக்கு டாட்சன் 240இஸட் என்ற பெயரில் போனபோது கதவில் கண்ணாடியோடு போனது. இரண்டுக்கும் நியாயம் உண்டு. மட்கார்டுக் கண்ணாடியைப் பார்க்கத் தலையைத் திருப்ப வேண்டாம், கண்ணைச் சற்று நகர்த்தினால் போதும்; ஆனால் தூரத்தில் இருப்பதால் தெரிகிற உருவம் சின்னதாக இருக்கும். கதவுக் கண்ணாடியில் உருவம் பெரிது; கழுத்துக்கு வேலை அதிகம். இப்போது அமெரிக்காவில் உள்ள ரசிகர்கள் ஜப்பானிய அழகுக்கு ஆசைப்பட்டு மட்கார்டுக் கண்ணாடி வாங்கி மாட்டுகிறார்கள்.

அதற்கு மட்கார்டில் துளை போட வேண்டும். ஐம்பது வருஷத்துக்கு மேல் பிழைத்துக் கிடக்கும் தகட்டில் துரப்பணத்தை வைக்கிறபோது கை நடுங்காதவர் உண்டோ! போட்ட துளையின் விளிம்பில் பெயிண்ட் இல்லாத இரும்பு வெளியே தெரியும். அதற்கு உடனே பூச்சுக் கொடுக்காவிட்டால் அங்கிருந்தே துரு புறப்படும். பிறகு மனம் மாறி, வேண்டாம் என்றால், வெல்டு வைத்து அடைத்து, தேய்த்து, அந்த மட்கார்டு முழுவதற்கும் பெயிண்ட் அடிக்க வேண்டும். துளைக்குத் தலைகீழ் கிடையாது. ஹேன்ஸின் அந்த வாக்கியம் முற்றிலும் இடிந்து விழுகிற இடம் இதுதான்.

கண்ணாடியிலேயே ஒரு சூது உண்டு. அமெரிக்கச் சட்டப்படி ஓட்டுகிறவர் பக்கத்துக் கண்ணாடி சமதளமாக இருக்க வேண்டும். மறுபக்கத்தில் குவிந்த கண்ணாடி வைக்கலாம். வைத்தால், பிம்பத்தில் தெரிவதைவிட வண்டி அருகில் இருக்கிறது என்று அதன்மேலேயே எச்சரிக்கை பொறிக்க வேண்டும். அங்கே ஓட்டுகிறவர் இடது பக்கம். இங்கிலாந்தில் வலது பக்கம். அமெரிக்கக் காரின் கண்ணாடி ஜோடியை வாங்கி இங்கிலாந்துக் காரில் மாட்டினால் என்ன ஆகும்? துளைகள் பொருந்தும். ஸ்க்ரூ ஏறும். ஆனால் ஓட்டுகிறவருக்குப் பக்கத்தில் குவிந்த கண்ணாடி. பின்னால் வருகிற லாரி இன்னும் தொலைவில் இருப்பதாகக் காட்டும். எட்டத்தில் உள்ள பக்கத்தில் சமதளக் கண்ணாடி. பார்வைக்கு அகப்படுவது ஒரு கீற்றுத்தான். வேலை மிக அழகாக முடிந்திருக்கும். உயிருக்கு ஆபத்தாகவும் முடிந்திருக்கும்.

இறுகின ஸ்க்ரூவைப் பற்றி உலகத்திலேயே நன்றாக எழுதினவர் ராபர்ட் பீர்சிக் என்பார்கள். மோட்டார் சைக்கிள் பராமரிப்பையும் ஜென் தத்துவத்தையும் சேர்த்து அவர் எழுதிய நாவல் 1974-இல் வந்தது. 121 பிரசுரகர்த்தர்கள் வேண்டாம் என்று திருப்பி அனுப்பின புத்தகம். பிறகு லட்சக்கணக்கில் விற்றது. அவர் முன்பு யந்திரக் கையேடுகள் எழுதிப் பிழைத்தவர். வெளியே வராத ஒரு சின்ன ஸ்க்ரூ வண்டியையே ஓட்ட முடியாமல் செய்துவிட்டால், அந்த நிமிஷத்தில் அந்த ஸ்க்ரூவின் விலை முழு வண்டியின் விலைதான் என்று ஓர் இடத்தில் கணக்குப் போடுகிறார். அபாரமான கணக்கு. ஹேன்ஸ் அதை எழுதியிருக்க முடியாது. ஆனால் பீர்சிக் அங்கிருந்து கிளம்பி ஆகாயத்துக்குப் போய்விடுகிறார். எனக்கோ அந்த ஸ்க்ரூ வந்ததா இல்லையா என்று தெரிந்தாக வேண்டும்! மூன்று பேரில் என் கட்சி எது என்று கேட்டால், குறையோடு சேர்த்து ஹேன்ஸ் கட்சிதான். தத்துவத்துக்கு எழுதக் கூட்டம் இருக்கிறது. மூன்றாம் படிக்கும் நாலாம் படிக்கும் நடுவில் வாசகரின் இடது கை எங்கே இருக்க வேண்டும் என்று யோசிக்கிற எழுத்தாளர் அபூர்வம். தமிழில் வீட்டுச் சாமான்களோடு வருகிற விளக்கத் தாள்களைப் படித்தவர்கள் நான் சொல்வதை உடனே ஒப்புக்கொள்வார்கள். அவை எந்த மனிதரையும் மனசில் வைத்து எழுதப்பட்டவையாகத் தோன்றுவதில்லை.

ஹேன்ஸ் 2019-இல் காலமானார். அடுத்த வருஷமே, புதிதாக வருகிற கார்களுக்கு அச்சுப் புத்தகம் போடப்போவதில்லை என்று அந்த நிறுவனம் அறிவித்தது. காரின் சுபாவமும் மாறிவிட்டது. இப்போதைய கண்ணாடிக்குள் மோட்டார், பனி உருக்கும் சூடாக்கி, திரும்பும் விளக்கு, சிலவற்றில் காமிராவும். மாட்டினால் மட்டும் போதாது, கம்ப்யூட்டரை வைத்து அதற்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும். பழைய கார்க்காரர்கள் கூடப் புத்தகத்தை விட்டுவிட்டுச் சினிமாப் படமாகப் பார்த்துத்தான் கற்றுக்கொள்கிறார்கள். நண்பர் சில படங்களை எனக்குப் போட்டுக் காட்டினார். கழற்றுவதைப் பொறுமையாக, ஒவ்வொரு ஸ்க்ரூவாக, பக்கத்தில் போய்க் காட்டுகிறார்கள். மாட்டுகிற இடம் வந்ததும் படத்தை வேகமாக ஓட்டி, பின்னணியில் சங்கீதம் வைத்துவிடுகிறார்கள்.